பந்தி மேசை அலங்காரம்: மண்டபத்துக்கும் வீட்டு விருந்துக்கும் யோசனை வேணும்

சேலத்துப்பொண்ணு:
தை மாசம் தம்பிக்குக் கல்யாணம், மண்டபம் இங்க சேலத்துலயே. மேடை, வாசல் தோரணம் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இழுத்துக்கிட்டு நிக்கிறது சாப்பாட்டு ஹால் மட்டும்தான். டெக்கரேஷன்காரர் ஒரு பேக்கேஜ் காட்டுறார். ஒவ்வொரு பந்தி மேசையிலயும் உயரமான கண்ணாடி ஜாடியில ஆர்க்கிட், கீழ சாட்டின் துணி, பொண்ணு மாப்பிள்ளை பேர் வெட்டின தெர்மாக்கோல் எழுத்து. படத்துல பார்க்க நல்லாத்தான் இருக்கு. அம்மா, "வர்றவங்க பூவையா திங்கப் போறாங்க? இலையைச் சுத்தமா போட்டா போதும்"ங்கறாங்க. தம்பி அந்தப் படத்தை விட மாட்டேங்கறான்.

முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன், பாதி பந்தி, பாதி பஃபே. காலைல முகூர்த்தச் சாப்பாடு முழுக்க இலையில. அது போக வீட்டுல மறுவீட்டு விருந்து, ரெண்டு பக்கமும் சேர்த்து 25 பேர். கையில பணம் அளவாத்தான் இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பந்தி_சூப்பர்வைசர்:
கேட்டரிங்ல பந்தி ஓட்டுறதுதான் என் வேலை, அதனால என் பக்கத்து நியாயத்தைச் சொல்றேன்.

மண்டபத்து மேசையை டேப் வச்சு அளந்து பாருங்க மேடம். பெரும்பாலும் 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். மேசைக்கு மூணு இலை, ஆளுக்கு ரெண்டடி. இலையோட அகலமே ஒரு அடி பிடிக்கும். மிஞ்சுற அஞ்சாறு அங்குலத்துல தண்ணி டம்ளர், பாயச கப், கடைசில ஐஸ்கிரீம். இதுல ஜாடிக்கு எங்க இடம்? இலைக்கும் இலைக்கும் நடுவுல வச்சா சாப்பிடுறவங்க முழங்கையில இடிக்கும். முன் விளிம்புல வச்சா பரிமாறுறவன் கையில இடிக்கும். ஒரு கையில சாம்பார் வாளி, ஒரு கையில கரண்டி, ஓட்டமும் நடையுமா வர்றவன் குனிஞ்சு ஊத்துற நேரத்துல ஜாடியைச் சுத்திக் கையை நீட்டணும். பட்டுச் சேலையில ஒரு சொட்டு விழுந்தா டெக்கரேஷன்காரர் பதில் சொல்ல வரமாட்டார், திட்டு எங்களுக்குத்தான்.

அடுத்தது வேகம். ஒரு பந்தி அரை மணி, மிஞ்சிப்போனா முக்கால் மணி. அடுத்த பந்தி ஆளுங்க நாற்காலிக்குப் பின்னாடியே வந்து நிப்பாங்க. பேப்பர் ரோலை இலையோட சேர்த்துச் சுருட்டி எடுத்து, மேசையைத் துடைச்சு, புது ரோல் விரிச்சு, இலை போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பு ஊறுகாய் வைக்கணும். எல்லாம் பத்து நிமிஷத்துக்குள்ள. நடுவுல ஜாடியை எறக்கி ஏத்துறது யாரு? முதல் பந்தில ஜாடி ஜாடியா இருக்கும். மூணாவது பந்தில பூவுல ரசம் தெறிச்சு, பாதி ஜாடி மூலையில கிடக்கும். இதை வாராவாரம் பார்க்கறேன்.

கை போற இடத்துல எதையும் வைக்காதீங்க. கை போகாத இடம் அதே ஹால்ல எவ்வளவோ இருக்கு. மேசையோட முன்பக்கம், வரிசை முடியற ஓரம், தூண், கை கழுவப் போற வழி, உள்ள நுழையற வாசல். காசை அங்க போடுங்க.

பூங்கொத்து:
நான் டெக்கரேஷன் தொழில்ல இருக்கறவ. அண்ணன் சொல்றதுல பந்திக்கு நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். ஆனா ரிசப்ஷனையும் அதே கணக்குல சேர்த்துடாதீங்க.

பஃபே பக்கம் வட்ட மேசை போடறாங்கன்னா, 5 அடி வட்டத்துல எட்டுப் பேர், 6 அடி வட்டத்துல பத்துப் பேர் உக்காரலாம். நடுவுல யாரும் கை நீட்டாத இடம் கிடைக்கும். அங்க பூ வைங்க. உயரம்தான் முக்கியம். ஒரு அடிக்குள்ள இருந்தா எதிர்ல இருக்கறவங்க முகம் தெரியும். அதுக்கு மேல போனா பூவோடதான் பேசணும். தம்பிக்கு உயரமா வேணும்னா மெல்லிசு தண்டுல, கண் மட்டத்துக்கு மேல பூ நிக்கிற மாதிரி வைக்கலாம். ஆனா மின்விசிறி ஓடற ஹால்ல அது ஆடிக்கிட்டே இருக்கும், எனக்குப் பிடிக்காது.

இன்னொரு ரகசியம். போட்டோகிராபர் ஹால்ல எடுக்கற படத்துல பெரும்பாலும் வர்றது ஒரே ஒரு மேசை, பொண்ணு மாப்பிள்ளை உக்காந்து சாப்பிடற மேசை. ஆசை எல்லாத்தையும் அந்த ஒரு மேசையில காட்டுங்க. ரெண்டு பேருக்கு 6 அடி மேசை முழுசா போட்டா ரெண்டு ஓரத்துலயும் இடம் தாராளம். பெரிய தலைவாழை இலை, வெள்ளி டம்ளர், ஓரத்துல சம்பங்கிச் சரம், முன்பக்கத் துணி மேல பேர். மத்த மேசைக்கெல்லாம் முன்பக்கம் மடிப்பு வச்ச துணி மட்டும் போதும். ஹாலுக்குள்ள வர்றவங்க கண்ணுல முதல்ல படறது அந்த முன்பக்கம்தான்.

லைட்டைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. ரிசப்ஷன்னா நீலம், ஊதான்னு போட்டுடறாங்க. மேடைக்கு அது சரி. சாப்பாட்டு ஹால்ல நீல வெளிச்சம் பட்டா சாம்பார் சாணி கரைச்ச மாதிரி தெரியும். மஞ்சள் வெளிச்சம் கேளுங்க. கூடுதல் செலவு ஒண்ணும் ஆகாது.

மஞ்சப்பை:
தெர்மாக்கோல் எழுத்தா? அலங்காரத்துக்குத் தெர்மாக்கோல் பயன்படுத்தறதை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை பண்ணியாச்சு. டெக்கரேஷன்காரர் தெரிஞ்சேதான் காட்டியிருப்பார். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல வந்த தடையில சாப்பாட்டு மேசை மேல விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் உண்டு, பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் உண்டு. ரோல் வாங்கறப்போ பளபளன்னு வழவழப்பா இருந்தா கிழிச்சுப் பாருங்க. ஓரத்துல மெல்லிசா ஜவ்வு மாதிரி இழுத்தா அது வெறும் பேப்பர் இல்ல.

பந்தி_சூப்பர்வைசர்:
சரியா சொன்னீங்க. கலர் ரோல் பத்தியும் ஒரு வார்த்தை. சிவப்பு, பச்சைன்னு கலர் பேப்பர் விரிக்கச் சொல்லிக் கேக்கறாங்க. இலைக்குத் தண்ணி தெளிச்சதும் கீழ சாயம் கசியும். கையை ஊனினவங்க உள்ளங்கையில ஒட்டும், அப்புறம் வேட்டியில ஒட்டும். வெள்ளை ரோல்தான் சரி. பச்சை இலைக்குக் கீழ வெள்ளையை விட எடுப்பா எதுவும் கிடையாது.

நாஞ்சில்_தம்பி:
எங்க தோவாளைப் பக்கத்து மாணிக்க மாலையை யாரும் சொல்லலையே? மத்த மாலை மாதிரி உருண்டையா இருக்காது. பாய் முடைஞ்ச மாதிரித் தட்டையா, வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் வச்சு மடிச்சு மடிச்சுக் கட்டுவாங்க. தூரத்துல இருந்து பார்த்தா மாணிக்கக்கல் பதிச்ச மாதிரி மின்னும். பொண்ணு மாப்பிள்ளை மேசையில நீளவாக்குல விரிச்சா துணியே வேண்டாம். உயரமும் கிடையாது, யார் கையும் தட்டாது.

தாவரவியல்_வாத்தியார்:
மாலை அழகுதான் தம்பி, மறுப்பே இல்லை. ஆனால் சாப்பாட்டு மேசைக்கு அரளி வேண்டாம். பூ, இலை, தண்டு, பால் எல்லாமே நஞ்சு, இதயத்துடிப்பையே பாதிக்கும். இலையில் சோறு இருக்கும்போது பக்கத்தில் ஒரு பூ உதிர்ந்து பாயசத்தில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? குழந்தைகள் கையில் எடுத்து வாயில் வைத்துவிடும். அந்த மாலையை மணமக்கள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கவிடுங்கள், படத்திலும் நன்றாக விழும்.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாநில மலர் என்று செங்காந்தளைக் கேட்டு வாங்கி மேசையில் வைக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அதுவும் நஞ்சுதான், கிழங்கு மட்டுமல்ல, செடி முழுவதும். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்க ரோஜா, மல்லி, செம்பருத்தி, வெற்றிலை, மாவிலை, துளசி போதாதா?

நாஞ்சில்_தம்பி:
இது எனக்கு ஓடவே இல்ல சார். சுவருக்கே போகட்டும்.

சேலத்துப்பொண்ணு:
அரளி வேண்டவே வேண்டாம், வீட்டுல ரெண்டு வாண்டுங்க இருக்கு. பூன்னு வந்ததால கேக்கறேன், தை முகூர்த்தத்துல மல்லி விலையை நினைச்சாலே பயமா இருக்கு. வேற என்ன பூ எடுக்கலாம்?

பூங்கொத்து:
மார்கழி, தை பனியில மல்லி வரத்து குறைஞ்சுடும். முகூர்த்தமும் சேர்ந்தா விலை எங்கயோ போய் நிக்கும். மல்லியைத் தலைக்கு மட்டும் வாங்குங்க. சாப்பாட்டு மேசைக்கு மல்லியே வேண்டாம்ங்கறது என் கட்சி. அந்த வாசனை ஹால் பூரா நிறைஞ்சுட்டா நெய் வாசனையும் ரச வாசனையும் அடிபட்டுப் போகும்.

மேசை முன்பக்கத்துக்கும் தூணுக்கும் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, செவ்வந்தி. வாடாது, கிலோவுக்கு நிறைய நிக்கும். உங்க ஊர் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில ஆள் அனுப்பி உதிரியா வாங்கி, வீட்டுப் பொம்பளைங்க உக்காந்து கோத்தா பாதிச் செலவு மிச்சம். பூவே இல்லாம தென்னங்குருத்துல கிளி, பாய்ப்பின்னல்னு தோரணம் பின்றவங்க இருந்தா அவங்களைப் பிடிங்க. தூணுக்கு ஒரு வாழைத்தார் கட்டி, கீழ குருத்தோலை தொங்கினா ஆர்க்கிட் எல்லாம் கிட்ட வர முடியாது. தாரை மறுநாள் வீட்டுக்கு எடுத்துட்டும் போகலாம்.

வடமராட்சி:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் சாப்பாட்டு மேசையை விட வாசல்ல வைக்கிற நிறைகுட மேசையிலதான் கவனம் கூட. அதையும் யோசிச்சுப் பாருங்கோ தங்கச்சி.

ஒரு சின்ன மேசைக்குப் பட்டுத்துணியோ வெள்ளைத்துணியோ விரிச்சு, அதுக்கு மேல தலைவாழை இலை, இலையில நெல்லோ பச்சை அரிசியோ பரப்பி நடுவில நிறைகுடம். குடத்து வாயில மாவிலை ஐஞ்சு, அதுக்கு மேல குடுமியோட தேங்காய். ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. முன்னால ஒரு சீப்பு வாழைப்பழம், வெத்திலை பாக்கு, தேசிக்காய் (உங்கட எலுமிச்சம்பழம்), சந்தனம், குங்குமம், பன்னீர்ச்செம்பு. வாற ஆக்களுக்குப் பன்னீர் தெளிச்சு, சந்தனம் குடுத்து உள்ளுக்கு அனுப்புறது. அந்த மேசையை ஆர் அடுக்கினதெண்டு சொந்தக்காரர் விசாரிப்பினம். வடிவா அடுக்கத் தெரிஞ்ச ஒரு மாமியை எல்லா வீட்டுக் கலியாணத்துக்கும் கூப்பிடுறது வழமை.

பூ கனக்கத் தேவையில்லை. குடமும் விளக்கும் நல்லாப் புளி போட்டு மினுக்கி இருந்தாலே காணும்.

சேலத்துப்பொண்ணு:
நம்ம பக்கமும் வரவேற்புல சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச்செம்பு வைப்போம். ஆனா ஒரு தட்டுல ஏனோதானோன்னுதான் இருக்கும். நீங்க சொல்ற மாதிரி ஒரு மேசையா அமைச்சா நல்லா இருக்கும் அண்ணா. சாப்பாட்டு ஹால் வாசல்லயே இதை வைக்கலாமா?

வடமராட்சி:
நிறைகுடம் மண்டப வாசலுக்குத்தான் பொருத்தம். சாப்பாட்டு வாசல்ல வெத்திலைத் தட்டும் விளக்கும் வையுங்கோ. விளக்குக்குக் கிட்ட ஒராள் நிக்கவேணும், பட்டுச்சீலையோட சனம் உரஞ்சிப் போகும்.

பந்தி_சூப்பர்வைசர்:
விளக்குன்னதும் ஞாபகம் வருது. பஃபே மேசைக்குத் தரை வரை துணி தொங்க விடறீங்கன்னா, சூடு பண்ற அடுப்பு இருக்கற பக்கம் துணியை மேல தூக்கிக் குத்தச் சொல்லுங்க. தோசைக் கவுண்டருக்குத் துணியே வேண்டாம். பந்தி மேசையில மெழுகுவத்தி, அகல்னு வைக்கறது பேப்பர் ரோலுக்குப் பக்கத்துல நெருப்பு வைக்கறதுதான். மண்டபத்துல விடவும் மாட்டாங்க.

கோமதி_டீச்சர்:
எல்லாரும் மண்டபத்தையே பேசுறீங்க. 25 பேர் மறுவீட்டு விருந்தைப் பத்தி நான் சொல்றேன். அங்கதான் மேசை அலங்காரம்னு ஒண்ணு நிஜமா செய்ய முடியும். ஒரே பந்தி, தெரிஞ்ச முகங்க, வீட்டு ஆளுங்களே பரிமாறப் போறாங்க.

சாட்டினை விடுங்க. வீட்டுல இருக்கற பழைய சுங்குடிச் சேலை ரெண்டை எடுங்க. மதுரைச் சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க, ஆனா மேசைக்கு விரிச்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு இன்னும் நிறையப் பேருக்குத் தெரியல. அரக்கு, மயில் கழுத்துப் பச்சை மாதிரி அடர்ந்த நிறமா பாருங்க. அந்த வெள்ளைப் புள்ளி மேல பச்சை இலை போட்டா வேற எதுவுமே தேவைப்படாது. முக்கியமா, குழம்பு சிந்தினா தெரியாது. வெளிர் துணின்னா மஞ்சள் கறை நிக்கும். சோப்பு போட்டதும் அந்தக் கறை சிவப்பா மாறும், பதறிப் போய்த் தேய்க்காதீங்க. அலசி நல்ல வெயில்ல காயப் போட்டா தானே மங்கிப் போகும்.

துணி வேண்டாம்னா பத்தமடைப் பாய். மேசை நீளத்துக்கு ஒடுங்கலா நெய்ததும் கிடைக்குது. பொண்ணு மாப்பிள்ளை பேரும் கல்யாணத் தேதியும் பாய்லயே நெய்து தருவாங்க, முன்கூட்டியே சொல்லணும். உங்க தம்பி கேட்ட பேரெழுத்துக்கு இது தேவலை இல்லையா? தெர்மாக்கோல் குப்பைக்குப் போகும், பாய் இருபது வருஷம் கழிச்சும் பரண்ல இருக்கும். சுவர்ல மாட்டினாலும் அழகுதான்.

சேலத்துப்பொண்ணு:
டீச்சர், பேர் நெய்த பாய்னு தம்பிகிட்ட சொன்னேன். ஆர்க்கிட்டை விட்டுட்டான்! இன்னும் சொல்லுங்க, நடுவுல என்ன வைக்கலாம்?

கோமதி_டீச்சர்:
வீட்டு மேசையில எதிரெதிரே உக்காருவாங்க, அதனால நடுவுல ஒரு அரை அடிப் பட்டை மிஞ்சும். பரிமாறுறவங்க பின்னாலிருந்து வருவாங்க, அங்க கை போகாது. பெரிய வெற்றிலையா வாங்கி, ஒண்ணு மேல ஒண்ணு செதில் மாதிரி நீளத்துக்கும் அடுக்குங்க. நடுநடுவுல எலுமிச்சம்பழம், மாதுளை, ஒரு பித்தளைச் சொம்பு. அடுக்கினதும் தண்ணி தெளிச்சு ஈரத்துணி போட்டு மூடி வச்சு, இலை போடற நேரத்துல எடுங்க. கடைசில தாம்பூலத்துக்கு அதையே கொடுக்கலாம்னு நினைக்காதீங்க, மேல சாப்பாடு தெறிச்சிருக்கும். தாம்பூலம் தனியா இருக்கட்டும்.

மர மேசை கறுத்த நிறமா இருந்தா விரிப்பே வேண்டாம். பச்சரிசி ஊற வச்சு அரைச்ச மாவுல நடுப்பட்டையில மட்டும் இழைக்கோலம் போட்டு ராத்திரியே காய விடுங்க. காஞ்சா பளிச்னு வெள்ளையா நிக்கும், சாப்பாட்டுல பட்டாலும் கவலை இல்ல, ஈரத்துணியில துடைச்சா போயிடும். கலர்ப் பொடிக்கோலம் மட்டும் மேசைப் பக்கமே வேண்டாம். ஃபேன் போட்டா அத்தனையும் அவியல்ல இருக்கும்.

உருளியில தண்ணி ஊத்திப் பூ மிதக்க விடறது எல்லாரும் பண்றாங்க. எனக்கு அலுத்துப் போச்சு. ஆனா வாசத்திண்ணையில வைங்க, நல்லாத்தான் இருக்கும்.

காயல்_வாசகர்:
எங்க காயல்பட்டினத்துக் கல்யாணச் சாப்பாட்டுல மேசையே கிடையாது. தரையில விரிப்பு, ஒரே சஹன்ல, அதாவது ஒரே பெரிய தட்டுல, ரெண்டு மூணு பேர் சேர்ந்து உக்காந்து சாப்பிடுவாங்க. அங்க அலங்காரம்னா விரிப்பு மடிப்பில்லாம வெள்ளையா இருக்கறதும், சஹன் வரிசை நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கறதும்தான். இந்த இழையைப் படிச்சப்போ சூப்பர்வைசர் அண்ணன் எங்க ஊருக்கு வந்தா சந்தோஷப்படுவார்னு தோணுச்சு.

பந்தி_சூப்பர்வைசர்:
கூப்பிடுங்க பாய், வர்றேன்! வரிசை நேரா இருக்கணும்னு நான் கத்தாத பந்தி கிடையாது. நாற்காலி கோணலா இருந்தா அம்பதாயிரத்துக்குப் பூ வச்சாலும் ஹால் சந்தைக்கடை மாதிரிதான் தெரியும். முதல் மேசைக்கும் கடைசி மேசைக்கும் கயிறு பிடிச்சுப் போடச் சொல்லுங்க. இலையும் அப்படித்தான். நுனி இடது கைப் பக்கம், அகலமான பக்கம் வலது கைப் பக்கம். அவசரத்துல பசங்க திருப்பிப் போட்டுடுவாங்க. வரிசையா முப்பது இலை ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கறதுல ஒண்ணு மட்டும் மாறிக் கிடந்தா பெரியவங்க கண்ணுல சட்டுனு உறுத்தும். உப்பு, ஊறுகாய், இனிப்பு எல்லாம் ஒவ்வொரு இலையிலயும் ஒரே இடத்துல விழணும். இதுக்குன்னே ஒரு ஆளை நிறுத்துங்க, மாமா சித்தப்பா யாராவது. சும்மா இருக்கற பெரியவங்களுக்கு நல்ல வேலை.

பூங்கொத்து:
அண்ணா, நீங்க எங்க தொழிலுக்கே வேட்டு வைக்கிறீங்க :)

பந்தி_சூப்பர்வைசர்:
உங்க மடிப்புத் துணிக்கு நான் எப்பவும் கட்சிதான்மா. ஒரு வேண்டுகோள், துணி தரைக்கு மூணு விரல் மேலயே நிக்கட்டும். தரை வரை விட்டா வாளி தள்ற பையன் கால்ல மாட்டும், ரெண்டாவது பந்திக்குள்ள ஓரம் ஈரமாகிக் கறுத்துடும்.

சேலத்துப்பொண்ணு:
அம்மா, தம்பி ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். மணமக்கள் மேசை ஒண்ணுக்கு மட்டும் பூங்கொத்து அக்கா சொன்ன மாதிரி, மத்த மேசைக்கு முன்பக்கத் துணி, தூணுக்கு வாழைத்தாரும் குருத்தோலையும், மண்டப வாசல்ல நிறைகுடம். வீட்டுக்குப் பாயும் வெற்றிலையும். டெக்கரேஷன்காரர் முகம் கொஞ்சம் சுருங்கிடுச்சு, ஆனா ஒத்துக்கிட்டார். இன்னும் ஒரே ஒரு கேள்வி. இலை மண்டபத்துலயே ஏற்பாடு பண்றாங்களாம், நாங்களே வாங்கினா நல்லதா?

பந்தி_சூப்பர்வைசர்:
மண்டபத்துல கொடுத்தாலும் எந்த இலைன்னு பேசிக்கோங்க. "நுனி இலை"ன்னு தெளிவா சொல்லலைன்னா ஏட்டையும், அதாவது நுனி இல்லாம வெட்டின துண்டு இலையையும், கலந்து கட்டிடுவாங்க. ஏடு டிபனுக்குப் போதும், முகூர்த்தச் சாப்பாட்டுக்கு நுனிதான். பூவன் இலை கேளுங்க, மெத்துனு இருக்கும், மடிச்சா சட்டுனு கிழியாது. தைல ஆடிக்காத்து தொல்லை கிடையாது, கிழியாத இலையே கிடைக்கும். விலைதான் முகூர்த்தத்துக்கு ஏறும், அதனால இப்பவே சொல்லி வைங்க. கட்டு வந்ததும் மேலாப்புல பார்த்துட்டு விட்டுடாதீங்க, ஒரு கட்டைப் பிரிச்சு நடுவுல இருக்கற இலையைப் பாருங்க. ராத்திரியே வந்துட்டா கட்டைப் படுக்கப் போட்டு ஈரச்சாக்கு மூடி வைக்கணும், ஃபேனுக்குக் கீழ வேண்டாம். கணக்குக்கு மேல நூத்துக்குப் பத்து சேர்த்து வாங்குங்க, கிழிசலும் ஓட்டையும் அதுல கழிஞ்சுடும்.